கல்யாணத்துக்குக் கில்ட், கடைக்குக் கால்சட்டை

ஸ்காட்லாந்தில் கோடைக்காலச் சனிக்கிழமையன்று ஏதாவது ஒரு தேவாலய வாசலில் கில்ட் என்னும் முழங்கால்வரை வரும் மடிப்புப் பாவாடை அணிந்த ஆண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். மணமகன், மாப்பிள்ளைத் தோழர்கள், பெண்ணின் அப்பா, பேக்பைப் வாசிப்பவர் என்று ஒரு வரிசையே இருக்கும். யாரும் வியந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் 'எடுப்பாக இருக்கிறது' என்று சொல்வதற்காகத்தான். அவர்களில் ஒருவர் அதே கில்ட்டை அடுத்த செவ்வாய்க்கிழமை அணிந்துகொண்டு பால் வாங்கக் கடைக்குப் போனால் கதை மாறிவிடும். இன்றைக்கு என்ன விசேஷம் என்ற கேள்வி முதலில் வரும். ஒன்றுமில்லை என்று பதில் சொன்னால் ஒரு சின்னச் சிரிப்பு. உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள் என்ற அசட்டுக் கேள்வியும் பின்னாலேயே வரும்.

துணியும் அதே, முழங்காலும் அதே. கிழமைதான் வேறு. மேற்கத்திய நாடுகளில் ஆண்கள் அணிந்தால் எவரும் முகம் சுளிக்காத ஒரே பாவாடை வகை கில்ட். ஆனால் அந்த அனுமதி திருவிழாவுக்கு மட்டும் செல்லுபடியாகும் பாஸ் போன்றது. திருமணம், இறுதிச் சடங்கு, பட்டமளிப்பு, கால்பந்து ஆட்டம், புத்தாண்டு இரவு ஆகியவற்றைத் தாண்டினால் அது செல்லாது. ஆகவே கில்ட் விஷயத்தில் ஆண்களின் உடை மரபை உண்மையில் மீறுபவர் விழாக்கோலத்தில் வருபவர் அல்லர். காரணமே இல்லாமல் அணிபவர்தான்.

இதிலுள்ள வேடிக்கை, கில்ட் தோன்றியதே அன்றாட உடையாகத்தான் என்பது. 1594-இல் அயர்லாந்தில் ஐரிஷ் தலைவர் ஹ்யூ ஓ'டொன்னலின் படையில் சேர்ந்து போரிட வந்த, ஸ்காட்லாந்தின் மேற்கிலுள்ள ஹெப்ரிடீஸ் தீவுக் கூலிப்படையினரைப் பற்றிய குறிப்பு ஒன்று இருக்கிறது. அவர்கள் போர்வைக்கு மேலே இடுப்பு வாரைக் கட்டியிருந்தார்கள், அதனாலேயே அயர்லாந்துக்காரர்களிடமிருந்து வேறுபட்டுத் தெரிந்தார்கள் என்கிறது அது. அந்த உடை இன்றைய தைத்த கில்ட் அல்ல. ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் கெய்லிக் மொழியில் 'ஃபேல மோர்', அதாவது பெரிய கில்ட் எனப்படும் நீளமான கம்பளித் துணி அது. தறியில் குறுகலாக நெய்த இரண்டு துண்டுகளை நீளவாக்கில் இணைத்துத் தைத்து, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமுமாக ஆக்கிக்கொள்வார்கள். நடுப்பகுதியில் கொசுவம் வைத்து இடுப்பில் வாரால் இறுக்குவார்கள். வாருக்குக் கீழே தொங்குவது முழங்கால்வரை உடை. மேலே மிஞ்சும் பாதியைத் தோளில் போட்டு ஊசி குத்திக்கொள்ளலாம், மழை வந்தால் தலைக்கு மேல் இழுத்துக்கொள்ளலாம், இடுப்பருகே மடித்துவிட்டால் சாமான் வைக்கும் பையாகிவிடும். இரவில் வாரை அவிழ்த்தால் போர்வை. சதுப்பும் ஓடைகளும் நிறைந்த மலைநாட்டில் மாடு ஓட்டிக்கொண்டு நடக்கிறவனுக்கு நனைந்த கால்சட்டையைவிட வெறும் காலே மேல். கால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

இந்த உடையைப் பற்றி வெளியாள் ஒருவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது எட்மண்ட் பர்ட்டின் கடிதங்கள்தான். 1720-களிலும் 30-களிலும் மலைநாட்டின் இன்வர்னஸ் பகுதியில் பணிபுரிந்த ஆங்கிலேயர் அவர். காற்றடிக்கும் நாளில் மலையேறும்போதும் குனியும்போதும் இந்த உடையின் அநாகரிகம் வெட்டவெளிச்சமாகிறது என்று அவர் முகம் சுளிக்கிறார். கூடவே, அதை எதிர்ப்பவர்கள் சொல்லும் வேறொரு காரணத்தையும் பதிவு செய்கிறார். இம்மனிதர்கள் தங்கள் கூடாரத்தையே எப்போதும் உடலில் சுமந்து திரிகிறார்கள். ஆகவே எந்த நொடியும் கலகத்தில் சேரத் தயாராக இருக்கிறார்கள் என்பது அந்தக் காரணம். முழங்கால் தெரிவது பற்றிய கூச்சம் ஒரு பக்கம், உடையின் வசதி ஆபத்தானது என்ற அரசியல் பயம் மறுபக்கம். கில்ட் மீதான தடைக்கு முன்னோட்டம் இந்த இரண்டு வரிகளிலேயே இருக்கிறது.

பெரிய கில்ட்டின் மேல்பாதி எப்போது கழன்று போனது என்பதில் இன்றுவரை சண்டை. ஒரு கதைப்படி அந்தப் பெருமை இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்த, க்வேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த இரும்பு ஆலைக்காரர் தாமஸ் ராலின்சனுக்குச் சேர வேண்டும். மலைநாட்டின் இன்வர்கேரியில் உலை வைத்து, மரம் வெட்டவும் கரி எரிக்கவும் உள்ளூர் ஆட்களை அமர்த்திய அவர், அந்த நீளத் துணி வேலைக்கு இடைஞ்சலாக இருப்பதைக் கண்டு, கீழ்ப்பாதியை மட்டும் மடிப்புகளோடு தைக்கச் செய்தாராம். 1768-இல் எழுதப்பட்டு 1785-இல் அச்சான கடிதம் ஒன்றுதான் இதற்கு ஆதாரம். வரலாற்றாசிரியர் ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் 1983-இல் இதைப் பிரபலமாக்கி, ஸ்காட்டிஷ் தேசிய உடையைக் கண்டுபிடித்ததே ஓர் ஆங்கிலேயன் என்று எக்காளமிட்டார். ராலின்சனுக்கு முன்பே கீழ்ப்பாதியை மட்டும் அணிந்ததற்குச் சான்று உண்டு என்று மறுப்போரும் இருக்கிறார்கள். யார் சொல்வது சரியாக இருந்தாலும், சிறிய கில்ட் பரவியதற்குக் காரணம் வேலை. ஓடியாடி உழைப்பதற்காகச் சுருக்கப்பட்ட உடை அது.

1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் போரில், பதவியிழந்த அரச வம்சத்துக்காகக் கலகம் செய்த ஜேக்கபைட் படை நசுக்கப்பட்டது. அதில் மலைநாட்டார் பலர். அதே ஆண்டு வந்த சட்டம், 1747 ஆகஸ்ட் 1 முதல் ஸ்காட்லாந்தில் எந்த ஆணும் சிறுவனும் மலைநாட்டு உடை அணியக்கூடாது என்றது. முதல்முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. இரண்டாம் முறை என்றால் கடல் கடந்த குடியேற்றங்களுக்கு ஏழு ஆண்டு நாடுகடத்தல். பெண்களுக்கு இந்தத் தடை இல்லை. அரசரின் படையில் பணிபுரிந்தவர்களுக்கும் இல்லை. தடையிலிருந்து தப்ப மக்கள் செய்த தந்திரங்களை, பிறகு மலைநாட்டுப் படைகளின் வரலாற்றை எழுதிய டேவிட் ஸ்டூவர்ட் குறித்து வைத்திருக்கிறார். ஒருவர் கில்ட் அணிந்ததற்காக விசாரணைக்கு நிறுத்தப்பட்டாராம். அந்த உடையின் நடுவில், இரு கால்களுக்கும் இடையே தையல் போட்டிருப்பதைக் காட்டி, இது கில்ட் இல்லை என்று நிரூபித்து விடுதலை பெற்றாராம். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்குப் போகும் ஒற்றை நூல் வரிசைதான் குற்றத்துக்கும் ஒழுங்குக்கும் இடையே இருந்த வித்தியாசம். ஆண் உடை பற்றிய சட்டங்கள் எவ்வளவு அபத்தமாக முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியை நான் பார்த்ததில்லை.

தடை 1782-இல் நீங்கியது. அதை அறிவித்து மலைநாட்டில் கெய்லிக் மொழியில் வெளியான பிரகடனம், சமவெளிக்காரர்களின் ஆண்மையற்ற உடைக்கு நீங்கள் இனிமேல் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்று மக்களிடம் சொன்னது. ஆண்மையற்ற உடை என்று அது குறிப்பிட்டது கால்சட்டையை. இன்று கில்ட்டைப் பார்த்துப் 'பாவாடை' என்று கிண்டல் செய்பவர்கள் இந்த வரியை ஒருமுறை படிப்பது நல்லது. ஆனால் 35 ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறைக்கும் மேல். அதற்குள் சாதாரண மலைநாட்டு மக்கள் கால்சட்டைக்குப் பழகிவிட்டார்கள். கில்ட் தடையின்றி உயிரோடிருந்தது ராணுவத்தில் மட்டுமே. பிளாக் வாட்ச் போன்ற மலைநாட்டுப் படைப்பிரிவுகள் அதை அணிந்துகொண்டு பேரரசின் போர்களுக்குப் போய்வந்தன. ஆக, கில்ட் மறுபடியும் பொதுவெளிக்கு வந்தபோது அதன் மேல் மாட்டுக்காரனின் வாசனை இல்லை, வெடிமருந்தின் வாசனை இருந்தது. அதன் ஆண்மைச் சான்றிதழ் படையிலிருந்து கிடைத்தது. அந்தச் சான்றிதழை இன்றுவரை எல்லோரும் நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

விழாக்கோலமாக அது மாறிய இடம் எடின்பரோ, காலம் 1822 ஆகஸ்ட். நான்காம் ஜார்ஜ் மன்னர் ஸ்காட்லாந்துக்கு வந்தார். ஏறத்தாழ 170 ஆண்டுகளில் ஆட்சியிலிருக்கும் மன்னர் ஒருவர் அங்கே கால் வைத்தது அதுவே முதல்முறை. வரவேற்பை அரங்கேற்றியவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். மலைநாட்டானைக் கண்டால் காட்டுமிராண்டி என்று ஒதுங்கிய சமவெளிக் கனவான்களெல்லாம் டார்ட்டன் என்னும் வண்ணக்கட்டத் துணிக்கு அலைந்தார்கள். மன்னரின் மலைநாட்டு உடைக்கும் ஆயுத அணிகளுக்கும் சேர்த்துப் போடப்பட்ட பில் 1,354 பவுண்டு 18 ஷில்லிங். பருத்த உடல், முழங்காலுக்கு மேலே நின்ற கில்ட், அதற்கடியில் தோல் நிறத்தில் கால்களை ஒட்டிய காலுறை. 'கொஞ்ச நாள்தானே இங்கே இருக்கப் போகிறார், எவ்வளவு அதிகம் தெரிகிறாரோ அவ்வளவு நல்லது' என்று ஒரு சீமாட்டி சொன்னதாகச் சொல்வார்கள். கேலிச்சித்திரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனாலும் வேலை முடிந்துவிட்டது. ஒரு பகுதியினரின் உழைப்பு உடை ஒட்டுமொத்த தேசத்தின் சடங்கு உடையாகிவிட்டது. முப்பது ஆண்டு கழித்து விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் ஸ்காட்லாந்திலுள்ள பால்மோரல் எஸ்டேட்டை வாங்கி, அதற்கென்றே ஒரு டார்ட்டனை வடிவமைத்தார். அதன் பிறகு கில்ட் மேட்டுக்குடியின் உடையும் ஆனது.

சடங்கு என்றால் விதிகள் வந்தே தீரும். இடுப்பில் நன்றாக உயரத்தில், தொப்புளை ஒட்டிக் கட்ட வேண்டும். கீழ்விளிம்பு முழங்கால் மூட்டின் நடுவில் நிற்க வேண்டும். முன்னால் தட்டையான மடல், பின்னால் மடிப்புகள். கில்ட் ஊசி வலப்பக்கக் கீழ்மூலையில் மேல்மடலில் மட்டும் குத்தப்பட வேண்டும், இரண்டு மடலையும் சேர்த்துக் குத்தினால் துணி கிழியும். முன்னால் தொங்கும் பையான ஸ்போரன் பகலில் தோல், மாலையில் ரோமம் வைத்தது. வலது காலுறையில் 'ஸ்கீன் டூ' என்னும் சிறு கத்தி. பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம் என்னும் பிரிட்டிஷ் சட்டங்கள், அது தேசிய உடையின் பகுதியாக இருந்தால் விலக்கு அளிக்கின்றன. இவ்வளவையும் சரியாகச் செய்ய வேண்டுமே என்ற பயத்தில்தான் பெரும்பாலோர் வாடகைக்கு எடுத்து, ஒருநாள் அணிந்து, திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சரி, ஆண் என்றால் கால்சட்டை என்ற விதி எங்கிருந்து வந்தது? அது உலகப் பொதுவிதி இல்லை. ஃபிஜியில் காவலர்களின் சீருடையிலேயே சுலு என்னும் பாவாடை உண்டு. ஏதென்ஸ் நாடாளுமன்ற வாசலில் காவல் நிற்கும் கிரேக்க வீரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விழாக்களிலும் ஃபுஸ்தனெல்லா என்னும் மடிப்புகள் அடர்ந்த வெள்ளைப் பாவாடையில் நிற்கிறார்கள். நமக்குத் தெரிந்த மிகப் பழைய கால்சட்டைகள் சீனாவின் டர்ஃபான் பகுதியில், யாங்ஹாய் கல்லறைகளில் கிடைத்தவை; வயது சுமார் 3,000 ஆண்டு. குதிரையேறிகளுக்காகப் பிறந்த உடை அது. ரோமானியர்களுக்கோ அது நாகரிகமற்றவர்களின் அடையாளம். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ரோம் நகருக்குள் கால்சட்டை அணியக்கூடாது என்று ஆணையே போட்டார்கள். பிற்பாடு ஐரோப்பா முழுக்க ஆண்கள் கால்சட்டைக்கு மாறினாலும், பட்டும் பூத்தையலும் குதிகால் செருப்பும் அவர்களை விட்டுப் போகவில்லை. அவை போனது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில். பிரெஞ்சுப் புரட்சி உழைப்பாளியின் நீள்கால்சட்டைக்கு மரியாதை கொடுத்தது. அழகு என்ற துறையைப் பெண்களிடம் விட்டுவிட்டு, ஆண்கள் கறுப்பும் சாம்பலுமாகப் பயனுள்ளவர்களாகத் தோன்ற முடிவெடுத்தார்கள். உளவியலாளர் ஜான் கார்ல் ஃப்ளூகல் 1930-இல் இதை ஆண்களின் மாபெரும் துறவு என்று குறிப்பிட்டார். அந்தத் துறவில் அவருக்கே சம்மதமில்லை. 1929-இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ஆண்கள் உடைச் சீர்திருத்தக் கட்சியில் அவரும் உறுப்பினர். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் தலைமைக் குரு வில்லியம் இங் என்பவரும் அதில் இருந்தார். இறுக்கும் கழுத்துப்பட்டையையும் கனத்த துணியையும் விட்டொழித்து, ஷார்ட்ஸும் கில்ட்டும் அணியுங்கள் என்று அவர்கள் பிரசாரம் செய்தார்கள். ஊர் அவர்களைக் கோமாளிகளாகப் பார்த்துச் சிரித்தது. பத்தாண்டுக்குமேல் கட்சி தாங்கவில்லை. ஷார்ட்ஸ் மட்டும் ஜெயித்தது, அதுவும் விளையாட்டு மைதானத்தின் வழியாக.

பெண்கள் கால்சட்டை அணிந்த வரலாறு இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. பாரிஸில் 1800-ஆம் ஆண்டு போடப்பட்ட ஆணைப்படி, ஆணைப்போல உடுத்த விரும்பும் பெண் காவல்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அரசு முறைப்படி அறிவித்தது 2013-இல்தான். ஆணை இருந்தபோதிலும் பெண்கள் கால்சட்டையை எப்போதோ வென்றுவிட்டார்கள். காரணம் எளிது: கால்சட்டை அதிகாரத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட்டது. அதை அணிந்த பெண் மேலே ஏறுகிறாள் என்று உலகம் கணக்குப் போட்டது; கோபப்பட்டாலும் புரிந்துகொண்டது. பாவாடை அணியும் ஆண் கீழே இறங்குகிறான் என்பது அதே கணக்கின் மறுபக்கம். தானாக விரும்பிக் கீழே இறங்குகிறவனைப் பார்த்தால் மக்களுக்குக் கோபம் வருவதில்லை, சிரிப்பு வருகிறது. சிரிப்பை எதிர்த்து வழக்குப் போட முடியாது என்பதால், ஆண் உடையின் எல்லைகள் பெண் உடையின் எல்லைகளைவிட இறுக்கமாக நிற்கின்றன.

ஃபேஷன் உலகம் அவ்வப்போது இந்த எல்லையைத் தட்டிப் பார்க்கிறது. பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ழான் போல் கோத்தியே 1980-களின் நடுவில் ஆண்களுக்குப் பாவாடை உடுத்தி மேடையேற்றினார். அவரே கில்ட் பிரியர். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும், பிறகு 2003-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் பாவாடை அணியும் ஆண்களைப் பற்றிக் கண்காட்சியே வைத்தன. 2022-இல் ஹாலிவுட் நடிகர் பிராட் பிட் பெர்லினில் லினன் பாவாடையோடு சிவப்புக் கம்பளத்தில் நடந்தார். இவையெல்லாம் பத்திரிகைப் படங்களுக்கு நல்ல தீனி. அன்றாட உடையில் இவற்றால் ஏற்பட்ட மாற்றம் அற்பம் என்பது என் கணிப்பு. மேடையும் கம்பளமும் இன்னொரு வகை விழாதானே.

மாற்றம் வந்தது பட்டறைகளிலிருந்து. எடின்பரோவில் பாரம்பரியக் கில்ட் தையல் குடும்பத்தைச் சேர்ந்த ஹோவி நிக்கல்ஸ்பி 1996 முதல் டெனிம், தோல், டுவீட் துணிகளில் பாக்கெட் வைத்த கில்ட் தைக்கத் தொடங்கினார். அவருடைய வாதம் நேரடியானது: தினமும் அணியாத உடை அருங்காட்சியகப் பொருளாகிவிடும். அமெரிக்காவின் சியாட்டிலில் ஸ்டீவன் வில்லேகாஸ் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும்போது வசதியாக இருக்கட்டும் என்று ராணுவக் கால்சட்டை ஒன்றைப் பிரித்துத் தைத்துக்கொண்டார். அதைப் பார்த்தவர்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்கவே, 2000-இல் யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம் உருவானது. டார்ட்டன் இல்லை, குலம் கோத்திரம் இல்லை. முரட்டுப் பருத்தி, சுத்தியல் மாட்டும் வளையம், பெரிய பாக்கெட்டுகள். தச்சர்களும் மேடை அமைப்பவர்களும் கணினிக்காரர்களும் வாங்கினார்கள். ராலின்சனின் உலைக்களத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கதையின் நகல் போலவே இருக்கிறது இது.

அன்றாடம் அணிவது என்றால் எப்படி இருக்கும் என்பதையும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முறைப்படி தைத்த எட்டு கஜக் கில்ட் ஒன்று ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை இருக்கும். எடை முழுக்கப் பின்பக்க மடிப்புகளில் தொங்குகிறது. நடக்கும்போது மடிப்புகள் இடமும் வலமும் வீசும். அந்த வீச்சில்தான் கில்ட்டின் அழகும் காற்றோட்டமும் இருக்கின்றன. உட்காரும்போது இரண்டு கையாலும் பின்மடிப்புகளை வழித்துச் சமப்படுத்திக்கொண்டு உட்கார வேண்டும், இல்லாவிட்டால் எழும்போது மடிப்பெல்லாம் கசங்கிப் பாயாகிவிடும். உட்கார்ந்ததும் ஸ்போரனைத் தொடைகளுக்கு நடுவே இறக்கிவிட்டால் முன்மடல் தூக்காமல் நிற்கும். காரில் ஏறுகிறவர் முதலில் இருக்கையில் பக்கவாட்டில் அமர்ந்து, முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு, கால்களை உள்ளே திருப்ப வேண்டும். பெண்களுக்குச் சிறுவயதிலிருந்தே சொல்லித்தரப்படும் அதே வித்தை. மாடிப்படியில் ஏறும்போது பின்னால் வருபவர் யார் என்ற நினைப்பு தானாக வரும். முழங்கால் குளிருமே என்று பயப்படுபவர்கள்தான் அதிகம். உண்மையில் கம்பளி பல சுற்றாகச் சுற்றியிருக்கும் இடுப்பும் தொடையும் வெதுவெதுப்பாகவே இருக்கும். வெயில் நாளில்தான் அந்தச் சுற்று பாடுபடுத்தும். அதனால்தான் அன்றாடம் அணிபவர்கள் நான்கைந்து கஜத்தில் தைத்த லேசான கில்ட்டையோ பருத்தியையோ நாடுகிறார்கள். அலுவலகத்துக்கு அடக்கமான ஒற்றை நிறம், மேலே சாதாரண ஸ்வெட்டர், காலில் பூட்ஸ் என்றால் பத்து நிமிடத்தில் மற்றவர்கள் மறந்துவிடுவார்கள் என்பது பழகியவர்களின் அனுபவம். முழு விழா அலங்காரத்தோடு போனால்தான் நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கில்ட் அணிபவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. யாராவது 'பாவாடை' என்றால் பலருக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. இது பாவாடை இல்லை, வீரர்களின் உடை, முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் அணிந்த உடை என்று பட்டியல் போடுகிறார்கள். வரலாறு சரிதான். ஆனால் பதுங்குகுழிச் சேற்றில் ஊறிய மடிப்புகள் உறைந்து தொடையை அறுத்ததும், மடிப்புக்குள் பேன் குடியேறியதும், விஷவாயுவுக்கு வெறும் கால் இரையானதும் அதே வரலாறுதான். 1939-இல் போர்முனைக்குக் கில்ட் வேண்டாம் என்று ராணுவமே முடிவு செய்தது. வீரம் என்ற கேடயத்தை நீட்டித் தப்பிப்பவர், பாவாடை அணியும் ஆண் சிரிப்புக்குரியவன் என்ற எண்ணத்தை ஒப்புக்கொண்டு, எனக்கு மட்டும் விலக்கு கொடுங்கள் என்று கேட்கிறார். சிரிப்பவருக்கும் அவருக்கும் அடிப்படையில் கருத்து வேற்றுமையே இல்லை. கால்களுக்கு நடுவே தையல் இல்லாத உடை, காற்றோட்டமாக இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்பவரே உண்மையில் வழக்கத்தோடு மோதுகிறார்.

நிறுவனங்களின் உடை விதிகளில் இந்த மோதல் இன்னும் தெளிவாகத் தெரியும். 2005-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு மாணவன் பள்ளி நடன நிகழ்ச்சிக்குக் கில்ட்டில் வந்தான். மாற்றிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். விஷயம் செய்தியாகி, கையெழுத்து இயக்கம் நடந்து, கடைசியில் பள்ளி நிர்வாகம் வருத்தம் தெரிவித்தது. அவனுக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாரம்பரியத்தைச் சொன்னார்கள், அது பலித்தது. 2013 கோடையில் ஸ்டாக்ஹோம் புறநகர் ரயில் ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொள்ள அப்படிப் பாரம்பரியம் ஏதுமில்லை. வெயிலில் ஓட்டுநர் அறை கொதித்தது, ஷார்ட்ஸ் கூடாது என்றது நிர்வாகம். சீருடை விதிகளில் பாவாடைக்குத் தடை இல்லாததைக் கண்டுபிடித்து ஆண் ஓட்டுநர்கள் பாவாடையில் வேலைக்கு வந்தார்கள். பெண்கள் உடை என்று சொல்லி ஆணைத் தடுத்தால் அது பாகுபாடாகிவிடும் என்று நிர்வாகமும் விட்டுவிட்டது. 2017 ஜூனில் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் பள்ளிச் சிறுவர்கள் சுமார் முப்பது பேர் அதையே செய்தார்கள். இரண்டு இடத்திலும் பலன் ஒன்றுதான்: ஷார்ட்ஸுக்கு வழி பிறந்தது. பாவாடை அங்கே நெம்புகோலாக மட்டுமே பயன்பட்டது. அதைக் காட்டியவுடன் நிர்வாகங்கள் பதறி ஷார்ட்ஸுக்கு இறங்கி வந்த வேகமே, எது பெரிய தடை என்பதைச் சொல்லிவிடுகிறது.

கில்ட் அணிபவர் கடக்க வேண்டிய இன்னொரு தொல்லை, அவர் உடல் பொதுச்சொத்தாகிவிடுவது. உள்ளாடை இல்லாமல்தான் அணிய வேண்டும் என்பது ராணுவ வழக்கத்திலிருந்து ஊதிப் பெருத்த ஐதீகம். 2010-இல் டார்ட்டன் மரபைப் பேணும் அமைப்பான ஸ்காட்டிஷ் டார்ட்டன்ஸ் அத்தாரிட்டியின் இயக்குநரே அது சிறுபிள்ளைத்தனம், சுகாதாரக் கேடு என்று சொல்லிவிட்டு நிறைய வசவு வாங்கினார். சோதித்துப் பார்க்கிறேன் என்று குடிபோதையில் கில்ட்டைத் தூக்குவதைப் பலர் நகைச்சுவை என்று நினைக்கிறார்கள். 2017-இல் இன்வர்னஸில் ஒரு மதுக்கூடத்தின் ஆண் ஊழியர்கள், பெண் வாடிக்கையாளர்களின் இந்தச் சேட்டையைத் தாங்க முடியாமல் கில்ட்டையே கைவிட்டார்கள். உடைக்கு அடியில் படம் எடுப்பதை ஸ்காட்லாந்து முன்பே குற்றமாக்கியிருந்தது. 2019-இல் இங்கிலாந்தும் வேல்ஸும் சட்டம் கொண்டுவந்தன. கில்ட் அணிந்த ஆண்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. பாவாடை அணிந்து தெருவில் நடப்பவர்கள் எந்த மாதிரிப் பார்வைகளைத் தினமும் சமாளிக்கிறார்கள் என்பது பல ஆண்களுக்கு முதன்முதலில் தெரியவருவது கில்ட் அணிந்த நாளில்தான்.

ஆரோக்கியம் பற்றிய பேச்சும் அடிக்கடி எழும். விந்தணு உற்பத்திக்கு விதைப்பை உடல் வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்பது மருத்துவ உண்மை. இதை வைத்து நெதர்லாந்து ஆய்வாளர் எர்வின் கொம்பான்யே 2013-இல் ஸ்காட்டிஷ் மருத்துவ இதழில் கில்ட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தர்க்கப்படி நன்மை இருக்க வாய்ப்புண்டு, நேரடி நிரூபணம் இல்லை என்பதே அவர் முடிவு. விற்பனையாளர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள்.

ஸ்காட்லாந்து ரத்தம் இல்லாதவர் அணியலாமா என்ற தயக்கத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. யார் எந்த டார்ட்டனை அணியலாம் என்று எந்த விதியும் கிடையாது. குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்ற முறையே பெருமளவு பத்தொன்பதாம் நூற்றாண்டு நெசவாளர்களும் கற்பனையாளர்களும் சேர்ந்து ஒழுங்குபடுத்தியது. 2009-இல் தொடங்கிய அரசுப் பதிவேட்டில் கால்பந்துக் கழகங்களும் நிறுவனங்களும்கூட டார்ட்டன் பதிந்து வைத்திருக்கின்றன.

அன்றாடக் கில்ட்டின் நிலையைச் சரியாகக் காட்டும் சம்பவம் என்று நான் நினைப்பது 2008-இல் நடந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த தபால்காரர் ஒருவர், ஆண் தபால்காரர்கள் விரும்பினால் கில்ட் அணியச் சீருடை விதியில் இடம் வேண்டும் என்று கேட்டார். ஆள் வாட்டசாட்டமானவர், நாள் முழுக்க நடந்து கடிதம் கொடுப்பதில் தொடைகள் உரசிப் புண்ணாகின்றன, கால்சட்டையும் ஷார்ட்ஸும் ஆண் உடலமைப்புக்கு ஒத்துவரவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். குலப்பெருமை பேசவில்லை, போர்வீரர்களை இழுக்கவில்லை. கையிலிருந்து 1,800 டாலர் செலவழித்து, தொழிற்சங்கத்தின் சுமார் ஆயிரம் கிளைகளுக்கு ஆதரவு கேட்டுக் கடிதம் அனுப்பினார். தீர்மானம் அந்த ஆண்டு ஜூலையில் பாஸ்டனில் கூடிய தொழிற்சங்க மாநாட்டுக்கு வந்தது. கட்டாயம் எதுவும் இல்லை, வேண்டியவர் அணிந்துகொள்ளலாம் என்ற அளவுக்குத்தான் கோரிக்கை. பிரதிநிதிகள் அதை வாக்களித்துத் தோற்கடித்தார்கள்.